ஐந்நூறு கோடியாவது குழந்தை

1987-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதியன்று, அப்போது யூகோஸ்லாவியா தேசத்தைச் சேர்ந்திருந்த ஜாக்ரெப் நகரத்தில், ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. உலகில் அன்றாடம் பிறக்கும் லட்சோபலட்சம் குழந்தைகளைப் போல் அதுவும் அழுதுகொண்டுதான் பிறந்தது. ஆனால் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தார் அந்தக் குழந்தையோடு உலக ஜனத்தொகை 500 கோடி பூர்த்தியாயிற்று என்று அறிவித்துவிட்டார்கள். ஸ்தாபனத்தின் பொதுக் காரியதரிசியான பெரெஸ் தெ கொய்யார் அச்சமயம் சர்வகலாசாலை மாணவர்களின் சர்வதேச விளையாட்டு விழாவை முன்னிட்டு அந்நகரத்திலேயே இருந்தார். ஆகவே பிறந்தவுடனேயே அந்தச் சிசுவுக்கு உலக ஸ்தாபனத் தலைவரின் வரவேற்புக் கிடைத்தது. வேறு எந்தக் குழந்தைக்கும் எளிதில் கிட்டாத பாக்கியம்!

அதே நிமிஷத்தில் மாயவரத்திலும் மதுரையிலும், சீனத்துக் கிராமங்களிலும் ஆப்பிரிக்கக் குடிசைகளிலும் எத்தனை குழந்தைகள் பிறந்திருக்கும்! அவற்றுள் எது உண்மையில் 500 கோடியாவது என்பதைப் பிரம்மதேவனுடைய கணக்குப்பிள்ளையைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்? இது ஸ்தாபனத்தாருக்கும் தெரியாததல்ல. வெறும் புள்ளி விவரத்தைச் சொன்னால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்டினால் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்த ரகசியத்தை அறிந்தே அவர்கள் அப்படிச் செய்தார்கள்.

அந்த யுக்தி பலித்தது. இரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1989-ல், ஜூலை 11-ந் தேதியை ஆண்டுதோறும் உலக ஜனத்தொகை தினமாகக் கொண்டாட வேண்டுமென்று ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டத்தை நடத்தும் சபையார் யோசனை கூறினார்கள். 1990-ல் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகளில் முதல் தினம் கொண்டாடப்பட்டது. அது முதல் வருஷந்தோறும் அந்தத் தினத்தில் உலகெங்கும் ஊர்வலங்களும் பிரசங்கங்களும் நடைபெற்று வருகின்றன. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வெயிலில் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வீதி வலம் வருகிறார்கள். 1999-ல் 600 கோடி ஆயிற்று. அதற்கும் ஒரு குழந்தை வேண்டுமே! யுத்தத்தினால் சீர்குலைந்திருந்த சராயேவோ நகரத்தில் பிறந்த ஒரு குழந்தையை, அப்போது பொதுக் காரியதரிசியாயிருந்த கோபி அன்னான் கையில் ஏந்தி உலகுக்குக் காட்டினார். 2011 அக்டோபரில் 700 கோடி. 2022 நவம்பரில் 800 கோடி.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் நம்மில் பலர், "அடடா! பூமி தாங்குமா?" என்று பெருமூச்சு விடுகிறோம். அந்தப் பெருமூச்சு புதியதல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் நம் தேசத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதில் பெருமைப்படத் தக்கதும் உண்டு, தலைகுனியத் தக்கதும் உண்டு.

* * *

1798-ம் வருஷம் இங்கிலாந்தில் மால்தஸ் என்னும் பாதிரியார் ஒரு புத்தகம் எழுதினார். ஜனங்கள் பெருகுகிற வேகத்தில் உணவு பெருகாது. ஆகையால் பஞ்சமும் நோயும் யுத்தமும் வந்து கணக்கைச் சரிக்கட்டும் என்பது அவருடைய சித்தாந்தம். இந்தப் பாதிரியார் பிறகு எங்கே உபாத்தியாயராக அமர்ந்தார் என்பது நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். இந்தியாவை ஆள்வதற்கென்று அனுப்பப்படும் வாலிபர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நடத்திய ஹெய்லிபரி கலாசாலையில்தான்! 1805-ம் வருஷம் முதல் 1834-ல் காலமாகும் வரையில் அவர் அந்த வேலையில் இருந்தார். நம் ஜில்லாக்களுக்குக் கலெக்டர்களாக வந்த துரைமக்களில் எத்தனையோ பேர் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

அந்தப் பாடத்தின் பலனைத் தாது வருஷப் பஞ்சத்தில் நம் முன்னோர்கள் கண்டார்கள். 1876-ல் தொடங்கி 1878 வரையில் சென்னை ராஜதானியிலும் மைசூரிலும் தக்காணத்திலும் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்தார். சென்னை சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் கார்னிஷ் என்னும் ஆங்கிலேயரே, இது உயிர் தரிக்கப் போதாது என்று ஆட்சேபித்தார். ஜனங்கள் பெருகுவது தானியம் பெருகுவதைவிட வேகமாயிருக்கிறது என்றார் வைசிராய் லிட்டன் பிரபு. அவர் அப்படிச் சொன்ன காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை மூட்டைகள் லண்டனுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன.

ஜனத்தொகையைப் பற்றிப் பிறர் நமக்கு உபதேசிக்கும்போது நம் பெரியவர்கள் முகம் சுளித்ததற்கு இதுவே காரணம். "நீங்கள் ஏழைகளாயிருப்பது நீங்கள் அதிகமாய்ப் பெறுவதனால்தான்" என்று, சுரண்டுகிறவனே சுரண்டப்பட்டவனிடம் சொன்னால் யாருக்குத்தான் கசக்காது?

ஆனால் அதே 1877-ம் வருஷத்தில், அதே லண்டனில், இதே விஷயம் முற்றிலும் வேறு ஒரு குரலில் பேசப்பட்டது. அந்தக் குரலுக்கு உரியவர் பிற்காலத்தில் நம் அடையாற்றில் வாழ்ந்து, 1917-ல் காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்த அன்னி பெஸன்ட் அம்மையார். அப்போது அவருக்கு வயது 29. கர்ப்பத் தடையைப் பற்றி ஓர் அமெரிக்க டாக்டர் எழுதிய சிறு புத்தகத்தை, சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து, ஏழைகளும் வாங்கும்படி ஆறு பென்னி விலையில் வெளியிட்டார். சர்க்கார் வழக்குத் தொடர்ந்தார்கள். அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே எழுந்து வாதாடினார். தொழிலாளி வீட்டுத் தாய்மார்கள் படும் பாட்டை, ஸ்திரீகள் வாய் திறக்கக் கூடாதென்று கருதப்பட்ட விஷயத்தை, பிரதம நீதிபதியின் முன்னிலையில் எடுத்துரைத்தார். ஆறு மாதச் சிறைவாசமும் 200 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. பிறகு குற்றப் பத்திரத்திலிருந்த ஒரு சட்டக் குறையினால் தண்டனை ரத்தாயிற்று. சில மாதங்களில் அந்தப் புத்தகம் லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது.

அம்மையார் கொடுத்த விலை வேறு. 1878-ல் அவருடைய சிறு பெண்ணைக் கோர்ட்டார் அவரிடமிருந்து பிரித்துத் தகப்பனாரிடம் ஒப்புவித்தார்கள். மற்றத் தாய்மார்களுக்காகப் பேசியதற்குத் தம் மகளை இழந்தார்.

* * *

நம் நாட்டில் இந்த வாதம் மகாத்மாவின் சந்நிதானம் வரையில் போயிற்று. 1935-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் ஸாங்கர் அம்மையார் வர்தாவுக்கு வந்து காந்திஜியுடன் நெடுநேரம் விவாதித்தார். பிரம்மசரியமும் புலனடக்கமுமே வழி என்றார் காந்திஜி. சாதாரணக் குடும்பஸ்தர்களுக்கு அது இயலாது என்றார் அம்மையார். இருவரும் தத்தம் கட்சியை விடவில்லை. கணவனின் இச்சைக்கு இணங்க மறுக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்பதை இருவருமே ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் அந்தச் சம்பாஷணையில் நமக்கு முக்கியமாய்த் தோன்றுவது.

சுதந்திரம் வந்த பிறகு இந்த முயற்சி உலக இயக்கமாக உருவானது நம் மண்ணில்தான். அதற்கு மூலகாரணமாயிருந்தவர் ஸ்ரீமதி தன்வந்தி ராமராவ். காஷ்மீரக் குடும்பத்தில் ஹூப்ளியில் பிறந்தவர்; சென்னைப் பிரஸிடென்ஸி கலாசாலையில் படித்து, ராணி மேரிக் கலாசாலையில் போதித்தவர். பம்பாய் ஏழை மக்கள் வாழும் சேரிகளின் நிலையைக் கண்டு மனம் பொறாமல், 1949-ல் அந்நகரத்தில் இந்தியக் குடும்பத் திட்டச் சங்கத்தை ஸ்தாபித்தார். 1952 நவம்பரில் பம்பாயில் அவர் கூட்டிய சர்வதேச மகாநாட்டில்தான், இன்றளவும் பல நாடுகளில் பணியாற்றி வரும் சர்வதேசக் குடும்பத் திட்டச் சம்மேளனம் தோன்றிற்று. ஸாங்கர் அம்மையாரும் அவரும் கூட்டுத் தலைவர்களானார்கள். சர்க்கார் மூலமாகக் குடும்பக் கட்டுப்பாட்டை நடத்த முன்வந்த முதல் தேசமும் இந்தியாதான். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கென்று 65 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது.

அந்த ஆரம்ப நாட்களில் நடந்த ஒரு வேடிக்கையை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. அப்போது சுகாதார மந்திரியாயிருந்த ராஜகுமாரி அம்ருத் கௌர் காந்திஜியின் சிஷ்யை. செயற்கை முறைகளில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மாதத்தில் கருத்தரிக்காத நாட்களை அறிந்து நடந்துகொள்ளும் முறையைப் பரீட்சித்துப் பார்க்க அனுமதித்தார். மைசூர் ராஜ்யத்தில் ராமநகரத்திலும், டில்லியில் லோடி காலனியிலும் பரீட்சை நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஸ்திரீகளுக்காக ஒரு மணிமாலை தயாரிக்கப்பட்டது. பத்திரமான நாட்களுக்கு ஒரு நிறமணி, மற்ற நாட்களுக்கு வேறு நிறமணி. தினம் ஒரு மணியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். சில ஸ்திரீகள் மணியைத் தள்ள மறந்தார்கள். சிலர் மாலையே ஒரு ரட்சை என்று எண்ணி, அணிந்துகொண்டால் போதுமென்றிருந்தார்கள். மாலை அணிந்தவர்களும் கர்ப்பவதிகளானார்கள்.

இதைக் கேட்டு நிபுணர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மணியின் நிறத்தைப் பார்த்து, "இன்று வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் அந்த வீடுகளில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

* * *

பிறகு பயத்தின் காலம் வந்தது. 1968-ல் அமெரிக்காவில் பால் எர்லிக் என்னும் பேராசிரியர் 'ஜனத்தொகை வெடிகுண்டு' என்ற கருத்துள்ள தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அது டில்லியில் ஒரு டாக்ஸிப் பிரயாணத்துடன் ஆரம்பமாகிறது: தெருவெல்லாம் ஜனங்கள், உண்கிறவர்களும் உறங்குகிறவர்களுமாக ஒரே ஜனங்கள்! அந்தக் காலத்தில் பாரிஸ் நகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் டில்லியைவிட அதிகமான ஜனங்கள் இருந்தார்கள். ஆனால் பாரிஸ் தெருவில் கூட்டத்தைக் கண்டால் நாகரிகம், டில்லித் தெருவில் கண்டால் ஆபத்து! அடுத்த பத்து வருஷங்களில் கோடிக்கணக்கானவர் பட்டினியால் மடிவார்கள் என்று அவர் ஆரூடம் கூறினார். அப்படி நடக்கவில்லை. புதிய கோதுமை விதையும் நெல் விதையும் அந்த ஆரூடத்தைப் பொய்யாக்கின.

ஆயினும் பயம் பரவியது. 1974-ல் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரத்தில் நடந்த உலக ஜனத்தொகை மகாநாட்டில் நம் சுகாதார மந்திரி டாக்டர் கரண் சிங், தேச அபிவிருத்தியே சிறந்த கர்ப்பத் தடை என்று முழங்கினார். உலகமே அந்த வாக்கைப் பாராட்டியது. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1976 ஏப்ரலில், அபிவிருத்தி வரும் வரை காத்திருக்க முடியாது என்ற கொள்கை அறிக்கையை வெளியிட்டவரும் அவரே.

அப்போது அவசரநிலைக் காலம். உபாத்தியாயர்கள் இத்தனை பேரை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்து வராவிட்டால் சம்பளமில்லை என்று சில ராஜ்யங்களில் உத்தரவாயிற்று. 1976 நவம்பரில் ஹரியானாவில் உத்தாவர் என்னும் கிராமத்தை இரவில் போலீஸார் சூழ்ந்துகொண்டு, ஆண்களை வண்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். 1976-77 ஒரே வருஷத்தில் தேசம் முழுவதும் சுமார் 82 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர்களில் 62 லட்சம் பேர் ஆண்கள். 1977 மார்ச்சுத் தேர்தலில் வட இந்திய ஜனங்கள் அதற்குப் பதில் சொன்னார்கள்.

இதைவிட நம்மைத் திடுக்கிடச் செய்வது ஒன்று உண்டு. 1983-ல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் ஜனத்தொகைப் பணிக்கென்று முதன் முறையாக ஒரு விருது வழங்கியது. அதைப் பெற்றவர்கள் இருவர்: ஒருவர் ஸ்ரீமதி இந்திரா காந்தி, மற்றவர், ஒரு குழந்தைக்கு மேல் கூடாதென்ற சட்டத்தை நடத்திய சீன மந்திரி. நோபெல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர் தியோடோர் ஷுல்ட்ஸ் இதைக் கண்டித்தார். விருது என்னவோ வழங்கப்பட்டுவிட்டது.

இத்தகைய ஸ்தாபனம் தன் போக்கை மாற்றிக்கொண்டதென்றால் அது சாமானியமான காரியமல்ல. மாற்றியவர்கள் பெரும்பாலும் மாதர்களே. 1994 செப்டம்பரில் எகிப்தின் தலைநகரமான கெய்ரோவில் 179 தேசங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். மகாநாட்டை நடத்தியவர் டாக்டர் நபீஸ் சாதிக் அம்மையார். ஐக்கிய மாகாணத்து ஜான்பூரில் பிறந்து, பாகிஸ்தான் பிரஜையாகி, மருத்துவராய்ப் பணி செய்தவர். கருச்சிதைவு சம்பந்தமான வாசகங்களைப் பற்றிப் போப்பாண்டவரின் பிரதிநிதிகளும் வேறு சில தேசத்தாரும் நாட்கணக்கில் வாதாடினார்கள். முடிவில் நிறைவேறிய திட்டத்தில், எந்தத் தேசமும் இத்தனை பேருக்கு மேல் பெருகக் கூடாது என்ற இலக்கு எதுவும் இல்லை. பெண்கள் படிக்க வேண்டும். தாயும் சேயும் பிழைக்க வேண்டும். எத்தனை குழந்தைகள், எப்போது என்பதைத் தம்பதிகளும் தனி மனிதர்களும் நிர்ப்பந்தமில்லாமல் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று கண்டிருந்தது. அதே வருஷத்தில் நம் கும்பகோணத்து டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் அமைந்த நிபுணர் குழுவும் இந்திய சர்க்காருக்கு ஏறக்குறைய இந்த மார்க்கத்தையே சிபார்சு செய்தது. 1996-ல் மேலிடத்திலிருந்து இலக்கு விதிக்கும் முறையைச் சர்க்கார் கைவிட்டார்கள்.

* * *

இலக்கு வைக்காவிட்டால் ஜனத்தொகை கட்டுக்கடங்காமல் போகும் என்று பயந்தவர்களுக்குத் தமிழ்நாடே பதில். 1971-ல் இங்கே ஒரு ஸ்திரீக்குச் சராசரி 3.9 குழந்தைகள், 2020-ல் 1.4. போலீஸாரா வந்து குறைத்தார்கள்? பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், கலியாண வயது உயர்ந்தது, சத்துணவு வந்தது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்க்கு உண்டாயிற்று. நாலு பெற்றால்தான் இரண்டாவது தங்கும் என்றிருந்த நம் பாட்டிமார்களின் கணக்குப் பேத்திகளுக்குத் தேவைப்படவில்லை.

உலக முழுவதிலும் இதே கதைதான். ஜனத்தொகை பெருகும் வேகம் 1960-களில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இருந்தது. 2020-ம் வருஷம் முதல் ஒன்றுக்கும் குறைந்துவிட்டது. 2080-களின் மத்தியில் சுமார் 1030 கோடியை எட்டி, அதன் பின் மெல்லக் குறையத் தொடங்கும் என்று ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தார் 2024-ல் மதிப்பிட்டார்கள்.

இப்போது பயம் திசை திரும்பியிருக்கிறது! ஒன்றுக்கு மேல் கூடாதென்று அபராதம் விதித்த சீனா, 2021-ல் மூன்று வரையில் பெறலாம் என்றது. 2022 முதல் அங்கே ஜனத்தொகை குறையத் தொடங்கிவிட்டது. ஒரு காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தில் முன்னணியில் நின்ற தென் கொரியாவில், 2023-ல் ஒரு ஸ்திரீக்குச் சராசரி 0.72 குழந்தை. நம் பக்கத்திலும் இந்தப் பேச்சு எழாமலில்லை. 2024 அக்டோபரில் ஆந்திர முதல் மந்திரி சந்திரபாபு நாயுடு அதிகக் குழந்தைகள் பெறும்படி ஜனங்களுக்கு யோசனை சொன்னார். அப்போது தமிழ்நாட்டின் முதல் மந்திரியாயிருந்த மு. க. ஸ்டாலின், பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்ற ஆசீர்வாதத்தை நினைவூட்டி, நாமும் பதினாறு பெற்றால் என்ன என்று ஒரு கலியாண மேடையில் கேட்டார். அந்தப் பதினாறு என்பது பதினாறு பேறுகள், பிள்ளைகளல்ல. இது அவருக்கும் தெரியும். அவர் குறிப்பிட்டது பார்லிமெண்டு ஸ்தானங்களை. ஜனத்தொகையை அடக்கிய ராஜ்யம் ஸ்தானங்களை இழப்பதா என்ற கேள்வி நியாயமானதே. 1962-ல் 41-ஆக இருந்த நம் ஸ்தானங்கள் 1967-ல் 39-ஆகக் குறைந்ததை நாம் மறக்கவில்லை. ஆயினும் அதற்குப் பரிகாரம் அரசியல் சட்டத்தில் தேடப்பட வேண்டியது. பிரசவ அறையில் அல்ல. குறைவாய்ப் பெறு என்று ஒரு தலைமுறைக்கும், அதிகமாய்ப் பெறு என்று அடுத்த தலைமுறைக்கும் கட்டளையிட ஸ்திரீ என்ன வயற்காடா?

2025-ல் ஐக்கிய நாடுகளின் ஜனத்தொகை நிதியார் இந்தியா உட்பட 14 தேசங்களில் விசாரித்தார்கள். விரும்பிய அளவு குழந்தைகள் பெற முடியாததற்குப் பண வசதியின்மையே காரணம் என்று நூற்றுக்கு 39 பேர் சொன்னார்கள். வேண்டாத கர்ப்பத்தைச் சுமப்பவர்களும், வேண்டிய குழந்தையைப் பெற முடியாதவர்களும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள் என்று ஏற்படுகிறது.

நிற்க. அந்த 62 லட்சம் ஆண்களின் விஷயத்துக்கு வருவோம். 1977-க்குப் பிறகு எந்த அரசியல்வாதிக்கும் ஆண்களிடம் போய் இதைப் பற்றிப் பேசத் துணிவு வரவில்லை. திட்டம் அப்படியே பெண்கள் பக்கம் திரும்பியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் ராஜ்யத்தில் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள்; அவர்களில் பலர் இறந்தார்கள். இத்தகைய முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்திவிட வேண்டுமென்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, மணமான பெண்கள் நூற்றுக்குச் சுமார் 38 பேர் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். கணவன் செய்துகொண்ட குடும்பம் ஆயிரத்துக்கு மூன்று. ஆணுக்கு இது சிறிய சிகிச்சை. சில நிமிஷங்களில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும்.

நம் ஊர்ச் சுவர்களில் முன்பு எழுதியிருந்த சிவப்பு முக்கோணத்தையும் அதனோடு வந்த நாலு முகங்களையும் நேயர்கள் பார்த்திருப்பார்கள்: அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். சுவருக்குச் சுவர் அப்பாவும் புன்னகை செய்துகொண்டிருந்தார். அந்த அப்பாக்களுக்கென்று சர்க்கார் வருஷந்தோறும் நவம்பர் கடைசியில் இரண்டு வாரம் ஒதுக்கிப் பிரசாரம் செய்து வருகிறார்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கும் வீடுகளில், அப்படி ஒன்று நடக்கிறதென்பதை அறிந்த ஆண்மகன் எத்தனை பேர் என்று வீட்டிலுள்ள ஸ்திரீகள் கேட்டுப் பார்க்கலாம்.